ஃபார்மட் போடுவதற்கு முன் கணினி சொல்வதைப் படித்துப் பாருங்கள்

கணினி மெதுவாகிவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் ஒரே மாதிரி பதில்கள்தான் வரும். "வைரஸ் புகுந்திருக்கும்", "ரேம் பத்தாது", "பேசாமல் ஃபார்மட் போட்டுவிடு". எது உண்மை என்று பார்க்காமலேயே பலர் படங்களை அழிக்கிறார்கள், கண்ட மென்பொருளை இறக்குகிறார்கள், கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். கொஞ்ச நாளில் அதே பிரச்சினை திரும்ப வந்து நிற்கிறது.

எங்கே அடைக்கிறது, எது உடைந்தது என்பதைக் கணினி பெரும்பாலும் தானே எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால், எதையும் அழிக்காமல் வீட்டிலேயே நிறையச் சரிசெய்யலாம். வீட்டுக் கணினிகளில் அதிகம் இருப்பது விண்டோஸ் என்பதால் பட்டன்களின் பெயர்களை அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். உள்ளே நடப்பது மேக்கிலும் லினக்ஸிலும் ஏறக்குறைய இதேதான்.

## நூலகர் என்ன செய்கிறார்?

ஒரு பெரிய நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள். முன்னால் ஒரு மேசை. அதன்முன் மின்னல் வேகத்தில் படிக்கும் ஒரு வாசகர். அவர் அலமாரிப் பக்கம் போகக்கூடாது. கேட்டதை நூலகர்தான் எடுத்துவந்து மேசையில் வைப்பார், படித்து முடித்ததைத் திரும்பக் கொண்டுபோய் அடுக்குவார்.

கணினியில் அந்த வாசகர்தான் ப்ராசஸர், அதாவது கணக்குப் போடும் சில்லு. மேசை என்பது ரேம்: வேலை நடக்கும்போது மட்டும் தகவல் இருக்கும் இடம், மின்சாரம் போனால் காலியாகிவிடும். அலமாரி என்பது டிஸ்க்: படங்களும் கோப்புகளும் மென்பொருள்களும் நிரந்தரமாகத் தங்கும் இடம். நூலகர்தான் இயங்குதளம், அதாவது விண்டோஸ் போன்றது. யாருக்கு எவ்வளவு மேசை இடம், யார் முறை முதலில், எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் என்று பங்கிட்டு நடத்துவது அதன் வேலை.

இந்த ஏற்பாட்டில் வேக வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோவிநாடி ஆகும். எஸ்எஸ்டி எனப்படும் சுழலாத டிஸ்க்கில் சுமார் 0.1 மில்லிவிநாடி. உள்ளே தட்டு சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க்கில் சுமார் 10 மில்லிவிநாடி. கேட்க எல்லாமே கண்ணிமைக்கும் நேரம் போலத்தான் தோன்றும். ஆனால் மேசையில் இருக்கும் புத்தகத்தை எடுக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டி அலமாரிக்குப் போய்வர 17 நிமிடம் ஆகும். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போய்வர ஒரு நாளுக்கும் மேல், சரியாகச் சொன்னால் கிட்டத்தட்ட 28 மணி நேரம்.

சுருக்கமாக: ப்ராசஸர் படிக்கிறது, ரேம் மேசை, டிஸ்க் அலமாரி, இயங்குதளம் இவற்றை நடத்துகிறது. மேசையில் இல்லாத ஒன்றுக்காக அலமாரிக்கு ஓடும்போதெல்லாம் நீங்கள் காத்திருக்கிறீர்கள்.

## மேசை நிறைந்தால் என்ன ஆகும்?

நீங்கள் ஒரு பிரவுசரைத் திறக்கிறீர்கள், அப்புறம் ஒரு வீடியோ அழைப்பு, அப்புறம் ஒரு பெரிய ஆவணம். மேசை நிறைந்துவிட்டது. நூலகர் "இடமில்லை" என்று உடனே கையை விரிப்பதில்லை. இப்போது யாரும் தொடாத தாள்களை மேசையிலிருந்து எடுத்து அலமாரியின் ஒரு மூலையில் தற்காலிகமாக வைக்கிறார். இப்படி ரேமில் இருப்பதை டிஸ்க்குக்கு மாற்றி, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவருவதற்குப் பேஜிங் என்று பெயர். விண்டோஸ் இதற்கென்று சி டிரைவில் மறைவாக ஒரு கோப்பு வைத்திருக்கிறது.

கொஞ்சம் பேஜிங் நடப்பது சாதாரணம். மேசை மிகச் சிறியதாகி, வைத்ததை உடனே எடுப்பதும் எடுத்ததை உடனே வைப்பதுமாக நூலகர் ஓடிக்கொண்டே இருந்தால் வாசகர் சும்மா உட்கார்ந்திருப்பார். கணினி "தொங்குகிறது" என்று நாம் சொல்லும் பல நேரங்களில் நடப்பது இதுதான். ப்ராசஸருக்குச் சக்தி இல்லாமல் இல்லை. அதன் கைக்கு எதுவும் வந்து சேரவில்லை.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களைத் தீர்த்துவிடலாம். முதலாவது, படங்களை அழித்தால் வேகம் கூடும் என்பது. அலமாரியில் இருக்கும் ஆயிரம் படங்களை வீசினாலும் மேசை ஓர் அங்குலம்கூட அகலமாகாது. ஒரு விதிவிலக்கு உண்டு. சி டிரைவ் ஏறக்குறைய முழுதாக நிரம்பிவிட்டால், பேஜிங்குக்கும் அப்டேட்டுக்கும் தற்காலிகக் கோப்புகளுக்கும் இடமில்லாமல் இயங்குதளம் திணறும். அப்போது மட்டும் இடத்தைக் காலி செய்வது உண்மையிலேயே பலன் தரும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் எது எவ்வளவு அடைத்திருக்கிறது என்று தெரியும். அங்கே அழிப்பதற்காக டவுன்லோட்ஸ் என்ற வரியை டிக் செய்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அதில் இருப்பவை உங்கள் சொந்தக் கோப்புகள்.

இரண்டாவது, ரேம் காலியாக இருந்தால்தான் நல்லது என்பது. காலியான மேசையால் யாருக்கும் பயனில்லை. நீங்கள் அடிக்கடி கேட்பவற்றை இயங்குதளம் முன்கூட்டியே எடுத்து மேசையின் காலி இடத்தில் பரப்பி வைக்கும். வேறு யாருக்காவது இடம் வேண்டுமென்றால் நொடியில் விலக்கிவிடும். "ரேமைச் சுத்தம் செய்கிறேன்" என்று வரும் மென்பொருள்கள் இப்படிப் பரப்பி வைத்ததைத்தான் வாரிக் கொட்டுகின்றன. எண் குறைந்ததைப் பார்த்து மனசுக்குத் திருப்தியாக இருக்கும். அடுத்த நிமிடமே அதெல்லாம் மறுபடி அலமாரியிலிருந்து வரவேண்டியிருக்கும். அவற்றை நிறுவாதீர்கள்.

## எது அடைக்கிறது என்று பார்ப்பது

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். முதல் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களின் பட்டியல். மேலே சிபியு (அதாவது ப்ராசஸர்), மெமரி (அதாவது ரேம்), டிஸ்க், நெட்வொர்க் என்று தலைப்புகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சதவீதம். எந்தத் தலைப்பைச் சொடுக்கினாலும் அதை அதிகம் தின்பவர் மேலே வந்துவிடுவார்.

கணினி மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே இதைப் பார்க்க வேண்டும். சரியாகிவிட்ட பிறகு பார்த்தால் எதுவும் தெரியாது.

சிபியு 90, 100 என்று நிற்கிறது என்றால் யாரோ ஒருவர் வாசகரை விடாமல் பிடித்துவைத்திருக்கிறார். மேல் வரியில் இருக்கும் பெயரைப் பாருங்கள். நீங்களே வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தால் அது நியாயம். எதுவும் செய்யாமல் இருக்கும்போது, பெயர் தெரியாத ஒன்று மணிக்கணக்கில் அப்படி நின்றால், அப்போது வைரஸைச் சந்தேகிக்கலாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை வைத்து முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

மெமரி 90-ஐத் தாண்டி, கூடவே டிஸ்க்கும் எகிறினால் பேஜிங் அளவுமீறிப் போகிறது. பிரவுசர்தான் பெரும்பாலும் மேலே இருக்கும். இன்றைய பிரவுசர்கள் திறந்திருக்கும் பக்கங்களைத் தனித்தனி வேலைகளாகப் பிரித்து ஓட்டுகின்றன. ஒரு பக்கம் கவிழ்ந்தாலும் மற்றவை பிழைக்கும், ஆனால் ரேம் செலவு கூடும். திறந்துவைத்து மறந்துபோன பக்கங்களை மூடுவதே இலவசமான தீர்வு. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச ரேம் 4 ஜிபி. அது இயங்குதளம் எழுந்து நிற்கப் போதுமான அளவு, அவ்வளவுதான். பிரவுசரோடு இன்னும் ஒன்றிரண்டு வேலைகள் செய்ய 8 ஜிபியாவது வேண்டும் என்பது என் கருத்து. மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர் இதையே வண்ணத்தில் காட்டுகிறது: மெமரி பிரஷர் என்ற வரைபடம் பச்சையாக இருந்தால் கவலையில்லை, சிவப்பானால் மேசை போதவில்லை.

மெமரி சாதாரணமாக இருந்தும் டிஸ்க் மட்டும் 100-லேயே நிற்கிறதா? பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் டிஸ்க்கைச் சொடுக்குங்கள். அது எஸ்எஸ்டியா ஹெச்டிடியா என்று அங்கேயே எழுதியிருக்கும். ஹெச்டிடி என்றால் சுழலும் தட்டு. இயங்குதளம் அதில் இருந்தால், எத்தனை முறை ஃபார்மட் போட்டாலும் அந்த 28 மணி நேரம் குறையாது. எஸ்எஸ்டிக்கு மாறுவதைப் போலப் பழைய கணினிக்கு உயிர் கொடுப்பது வேறொன்றும் இல்லை. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

டாஸ்க் மேனேஜரில் இன்னொரு பயனுள்ள இடம் ஸ்டார்ட்அப் ஆப்ஸ். கணினி எழும்போதே கூடவே எழும் மென்பொருள்களின் பட்டியல் அது. தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்யலாம். மென்பொருள் அழியாது, கூப்பிடாமல் வராது, அவ்வளவே.

## ஷட் டவுன் செய்தாலும் முழுதாக அணைவதில்லை

"தினமும் இரவு ஷட் டவுன் செய்கிறேனே, பிறகு ரீஸ்டார்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்வி. விடை பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஷட் டவுன் கொடுத்ததும் உங்கள் மென்பொருள்கள் மூடப்படும். ஆனால் இயங்குதளத்தின் மையப் பகுதி அப்படியே டிஸ்க்கில் படமெடுத்து வைக்கப்படும். மறுநாள் பட்டனை அழுத்தியதும் அந்தப் படம் திரும்ப ரேமில் ஏற்றப்படும். நூலகர் வாசகர் மேசையைச் சுத்தம் செய்துவிட்டு, தன் சொந்த மேசையை மட்டும் கலைக்காமல் பூட்டிவிட்டுப் போவது போல. கணினி சீக்கிரம் எழுகிறது என்பது லாபம். நூலகரின் மேசையில் குழப்பம் இருந்தால் அதுவும் மறுநாள் அப்படியே வந்துவிடும் என்பது நஷ்டம்.

ரீஸ்டார்ட் அப்படியில்லை. அது எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. ஒலி வரவில்லை, பிரிண்டர் தெரியவில்லை, வைஃபை திடீரென்று காணோம் போன்ற சில்லறைக் கோளாறுகளுக்கு ரீஸ்டார்ட் பலிப்பதும் ஷட் டவுன் பலிக்காததும் இதனால்தான்.

சந்தேகமிருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைச் சொடுக்கினால் கீழே அப் டைம் என்று ஒரு எண் வரிசை இருக்கும்: நாள், மணி, நிமிடம், விநாடி. தினமும் அணைக்கும் கணினியிலும் அது 11:04:32:10 என்பது போல நிற்கலாம். நூலகர் பதினோரு நாளாகத் தன் மேசையைக் கலைக்கவில்லை என்று அர்த்தம். ரீஸ்டார்ட் கொடுத்தால் அந்த எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்கினாலும் அந்த ஒரு முறை முழுதாக அணையும்.

## நாட் ரெஸ்பாண்டிங்

ஒரு மென்பொருளின் ஜன்னல் வெளிறிப்போய், தலைப்பில் நாட் ரெஸ்பாண்டிங் என்று வந்தால் பலரும் அது செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உங்கள் சொடுக்கும் தட்டச்சும் இயங்குதளம் வழியாகத்தான் மென்பொருளுக்குப் போகின்றன. சுமார் 5 விநாடி வரை அது எதையும் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் விண்டோஸ் அந்தப் பலகையை மாட்டிவிடுகிறது. அது வேறொரு வேலையில் மூழ்கியிருக்கலாம், டிஸ்க்குக்காகக் காத்திருக்கலாம், உண்மையிலேயே சிக்கியும் இருக்கலாம். சேமிக்காத வேலை உள்ளே இருந்தால் இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். மேலே மேலே சொடுக்குவதால் வரிசைதான் நீளும். அப்புறமும் அசையவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் எண்ட் டாஸ்க்.

## கணினியே விழுந்தால்: டிரைவரும் நீலத் திரையும்

ஒரு மென்பொருள் கவிழ்ந்தால் அது மட்டும் கவிழும். சில நேரம் கணினி முழுதும் நின்று, திரை நீலமாகி, தானே ரீஸ்டார்ட் ஆகிறது. ஏன் இந்த வேறுபாடு?

நூலகத்தில் வாசகர்களுக்கான இடம் வேறு, கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் இடம் வேறு. சாதாரண மென்பொருள்கள் கவுண்டருக்கு முன்னால். கவுண்டருக்குப் பின்னால் இயங்குதளத்தின் மையப் பகுதி இருக்கிறது. அதற்குக் கெர்னல் என்று பெயர். அதோடு அங்கே நுழைய அனுமதி பெற்ற இன்னொரு கூட்டம் டிரைவர்கள். பிரிண்டர், வைஃபை, திரை போன்ற ஒவ்வொரு சாதனத்தோடும் எப்படிப் பேசுவது என்று இயங்குதளத்துக்குச் சொல்லித்தரும் சிறு மென்பொருளே டிரைவர். பின்னால் இருப்பவர் ஒருவர் தாறுமாறாக நடந்தால் எந்தப் புத்தகம் கெட்டது, எது நல்லது என்று நூலகருக்கே தெரியாது. மேலும் கெடாமல் இருக்க நூலகத்தையே மூடிவிடுகிறார். நீலத் திரை என்பது அந்தப் பாதுகாப்பு நடவடிக்கை. விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளில் அது கறுப்பாக மாறியிருக்கிறது, காரணம் அதேதான்.

2024 ஜூலை 19-ல் உலகம் முழுக்க விமானச் சேவைகளும் மருத்துவமனைகளும் தடுமாறியது நினைவிருக்கலாம். கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் கவுண்டருக்குப் பின்னால் ஓடுவது. அதற்கு வந்த ஒரு பிழையான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் தள்ளியது. எழும், விழும், மறுபடி எழும், விழும். சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை நீக்கியதும் கணினிகள் எழுந்துகொண்டன. அதற்கு ஃபார்மட் தேவைப்படவில்லை.

சேஃப் மோட் என்பது அடிப்படை டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு கணினியை எழுப்புவது. ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு மெனு வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், எண் 4-ஐ அழுத்த வேண்டும். சேஃப் மோடில் கணினி ஒழுங்காக ஓடினால் அது பெரிய துப்பு: கோளாறு பிறகு வந்து சேர்ந்த ஏதோ ஒன்றில் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் சந்தேகப்படும் சாதனத்தைத் திறந்து, ரோல் பேக் டிரைவர் என்ற பட்டன் உயிரோடு இருந்தால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம்.

எந்த நாளில் எது மாறியது என்று தெரியவில்லையா? ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று தேடுங்கள். நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். கவிழ்ந்தவை சிவப்புக் குறியில். அன்று நிறுவப்பட்ட அப்டேட்டுகளும் மென்பொருள்களும் கீழே வரிசையாக. செவ்வாய்க்கிழமை ஒரு டிரைவர் வந்திருக்கிறது, புதன்கிழமையிலிருந்து சிவப்பு தொடங்குகிறது என்றால் முதலில் யாரை விசாரிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். விண்டோஸில் பல வருடங்களாக இருந்தும் மிகக் குறைவானவர்களே திறந்து பார்க்கும் பக்கம் இது.

இதற்கு அண்ணன் போன்றது, நடப்பதை இன்னும் விரிவாகப் பதிந்து காட்டும் ஈவன்ட் வியூவர். அதில் நன்றாக ஓடும் கணினியிலும் எரர், வார்னிங் என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். போனில் அழைத்து, அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, "பாருங்கள், எவ்வளவு வைரஸ்" என்று பயமுறுத்திப் பணம் பறிக்கும் கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. அவை வைரஸ் இல்லை. நீங்கள் கேட்காமல் உண்மையான எந்த நிறுவனமும் உங்கள் கணினியைப் பற்றி அழைக்கப்போவதில்லை. அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

இதுவரை: மெதுவாக ஓடினால் டாஸ்க் மேனேஜர், விசித்திரமாக நடந்தால் ரீஸ்டார்ட், விழுந்து விழுந்து எழுந்தால் ரிலையபிலிட்டி ஹிஸ்டரியும் சேஃப் மோடும்.

## அப்புறமும் சரியாகவில்லையா?

விண்டோஸின் சொந்தக் கோப்புகளே கெட்டிருக்கலாம். நடுவில் மின்சாரம் போய்த் தடைபட்ட அப்டேட்டுக்குப் பிறகு இது நடப்பதுண்டு. சிஸ்டம் ஃபைல் செக்கர் என்ற கருவி கெட்ட கோப்புகளைக் கண்டுபிடித்து நல்ல நகலை வைக்கும். உங்கள் கோப்புகளைத் தொடாது. சிஸ்டம் ரெஸ்டோர் இன்னொரு வழி. இயங்குதளத்தின் கோப்புகள், அமைப்புகள், டிரைவர்கள் ஆகியவற்றை முன்பு பதிந்துவைத்த ஒரு நாளுக்குத் திருப்பும். படங்களும் ஆவணங்களும் அப்படியே இருக்கும், இடையில் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். பல கணினிகளில் இது அணைந்தே கிடக்கிறது. இன்றே போய்ப் பார்த்து ஆன் செய்துவிடுங்கள்.

கடைசிப் படிதான் ரீசெட் திஸ் பிசி. அதில் கீப் மை ஃபைல்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் கோப்புகள் தங்கும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போகும். ரிமூவ் எவ்ரிதிங் என்றால் பெயருக்கேற்பத்தான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முக்கியமானவற்றை வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தொடங்குவதற்கு முன் இன்னொன்று. பல விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டுப்போட்ட நிலையில், அதாவது என்கிரிப்ட் ஆகி இருக்கும். மீட்புத் திரைக்குள் நுழையும்போதோ உள் அமைப்புகள் மாறும்போதோ 48 இலக்க ரெகவரி கீ ஒன்றைக் கேட்கலாம். பொதுவாக அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதைத் தேடி எடுத்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் உங்கள் கோப்புகளை மைக்ரோசாஃப்டாலும் திறந்து தரமுடியாது.

எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்ட பிறகும் அதே நீலத் திரை வந்தால் இயங்குதளத்தை விட்டுவிடுங்கள். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஓட்டினால் ரேமைச் சோதித்துச் சொல்லும். சுழலும் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் சோதனை எதுவும் வேண்டாம். கோப்புகளை நகலெடுப்பதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.